டோனட்டைக் காசியில் விடுவது

மார்ச் 5, புதன்

இன்றிலிருந்து நான் வாயில் போடுவதையெல்லாம் எழுதி வைக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் ஷபானா அம்மா சொல்லிவிட்டார். அவர் மருந்து கொடுக்கிறவர் அல்ல. சர்க்கரைக்காரர்கள் எதைத் தின்னலாம், எதைத் தின்னக்கூடாது என்று சொல்கிறவர். எனக்கு எழுதத் தெரியாது என்றேன். "வீட்ல யாரையாவது எழுதச் சொல்லுங்கய்யா" என்றார். வீட்டில் என் மனைவி பஞ்சவர்ணம் இருக்கிறாள். ஐந்தாவது வரை படித்தவள். அவளை எழுதச் சொல்வதும், நானே போய் போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்துகொள்வதும் ஒன்று. அதனால் பக்கத்து வீட்டு இருதயராஜ் சாரைப் பிடித்தேன். கோர்ட்டில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவர். நான் பேசப்பேச அதைப் புத்தகத் தமிழாக்கி எழுதுகிறார். ஆனால் சொன்னதில் ஒன்றை விடமாட்டார். கோர்ட் பழக்கம். நோட்டும் அவர் வீட்டில்தான் இருக்கும்.

காலை: இட்லி மூன்று, தக்காளிச் சட்னி. மதியம்: சோறு, கீரை, மோர். சாயங்காலம்: சர்க்கரை போடாத டீ. இரவு: கோதுமை தோசை இரண்டு.

காயத்தைப் பற்றியும் எழுத வேண்டுமாம். வலது பாதத்தில், பெருவிரலுக்கு அடியில், ஒரு பட்டாணி உட்காருகிற அளவு குழி. வலி இல்லை. வலி இல்லாததுதான் கெட்டது என்கிறார் கால் டாக்டர். செத்த நரம்பு வலிக்காதாம். சர்க்கரை இறங்கினால் குழி தானாக மூடும். இறங்காவிட்டால் சித்திரையில் விரலை எடுக்க வேண்டி வரும், விரலோடு நிற்கும் என்று சொல்ல முடியாது என்றார். வீட்டுக்குள்ளும் எம்.சி.ஆர். செருப்போடுதான் நடக்க வேண்டும். மெத்தென்ற கறுப்பு ரப்பர் செருப்பு. வெறுங்கால் கூடவே கூடாது.

கிளம்பும்போது ஷபானா அம்மா, "இனிப்புல ஒங்களுக்கு ரொம்பப் புடிச்சது எதுங்கய்யா? அல்வாவா, ஜிகர்தண்டாவா?" என்று கேட்டார். டோனட் என்றேன். நர்ஸ் பிள்ளைகள் இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எழுபத்திரண்டு வயதில் ஒருவனுக்கு டோனட் பிடிக்கக்கூடாதா?

மார்ச் 7, வெள்ளி

இட்லி, சோறு, சுரைக்காய்க் கூட்டு, கேழ்வரகுக் கஞ்சி.

இருதயராஜ் சாரும் கேட்டார்: "ஏண்ணே, மதுரக்காரருக்கு டோனட்டு எப்பிடிப் பழக்கமாச்சு?" சொன்னேன்.

நான் இங்கிலீஷ் படம் மட்டுமே போடுகிற கொட்டகையில் டிக்கெட் கிழித்தவன். பச்சை டிக்கெட் பால்கனி, மஞ்சள் டிக்கெட் தரை. படத்தின் பெயர் எனக்கு எப்போதும் தெரியாது. ஆனால் பார்த்த காட்சி ஒன்றுகூட மறக்காது. மழை பெய்கிற ரோட்டில் ஒரு கார் நிற்கும். உள்ளே இரண்டு போலீஸ்காரர்கள். ஒருவன் காகிதப் பையில் கையை விட்டு வட்டமாக, நடுவில் ஓட்டையோடு ஒன்றை எடுப்பான். காப்பியில் முக்குவான். கடிக்கப் போகும்போதுதான் எங்கேயோ துப்பாக்கி வெடிக்கும். உடனே தரை டிக்கெட்டிலிருந்து ஒருத்தன், "ஏட்டய்யா, வடைய முழுங்கிட்டு ஓடுய்யா" என்று கத்துவான். ஒரு படத்தில் இல்லை, எத்தனையோ படத்தில். அது என்ன பலகாரம் என்று படம் ஓட்டுகிற ஆபரேட்டரைக் கேட்டேன். "மெதுவடைதான்டா. அமெரிக்காவுல சாம்பார் கெடையாது, அதான் காப்பியில முக்குறான்" என்றார். பல வருஷம் அதைத்தான் நம்பினேன்.

இன்னொரு படத்தில் குண்டடிபட்டவன் கையிலிருந்து ஒரு டோனட் உருண்டு, ரோட்டைக் கடந்து, சாக்கடை மூடியின் மேல் சுற்றிச் சுற்றி விழும். கொட்டகை முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு அதைத்தான் பார்த்தது. செத்தவனை யாரும் பார்க்கவில்லை.

பிறகு எங்கள் தெருமுனை பேக்கரியில் ஒருநாள் கண்ணாடிக்குள்ளே அது இருந்தது. சினிமாவில் மட்டுமே பார்த்த நடிகர் நம் தெரு டீக்கடையில் கிளாஸோடு நின்றால் எப்படி இருக்கும்? அப்படி நின்றுவிட்டேன். வாங்கி, உடனே கடிக்கவில்லை. சுற்றிலும் இடுப்பில் கட்டிய கயிறு மாதிரி ஒரு வெளுத்த வரி ஓடியது. எண்ணெயில் அழுந்தாமல் மிதந்து வெந்ததற்கு அடையாளம் அது. அந்த வரி இல்லாத டோனட்டை நான் தொடுவதில்லை. மேலே பொடித்த சர்க்கரை. கடித்தால் முதலில் ஒன்றுமே இல்லாதது மாதிரி, காற்றைக் கடித்த மாதிரி இருக்கும். அப்புறம்தான் வரும். உதட்டில் ஒட்டின சர்க்கரையைக் கடைசி வரைக்கும் நக்கக்கூடாது. அது இடைவேளைக்கு அப்புறம் வருகிற படம்.

இருதயராஜ் சார் எச்சில் விழுங்கினார். அவர் அதையும் எழுதட்டும்.

மார்ச் 8, சனி

இட்லி மூன்று. சோறு, ரசம், புடலங்காய். தோசை. வேறு ஒன்றும் இல்லை.

இருதயராஜ் சார் பேனாவை வைத்துவிட்டு என் சட்டைக் காலரைப் பார்த்தார். வேறு ஒன்றும் இல்லை என்று எழுதுங்கள் என்றேன். எழுதினார். காலரைத் தட்டிவிட்டேன்.

மார்ச் 11, செவ்வாய்

காலையில் பஞ்சவர்ணம் குளியலறையிலிருந்தே கூப்பிட்டாள்.

"ஏங்க, இங்கிட்டு வந்து பாருங்க."

"என்னத்தப் பாக்க?"

"எறும்பு. நீங்க ஒண்ணுக்குப் போன எடத்துல மட்டும் வரிசகட்டி நிக்குது. நான் போன எடத்துல ஒண்ணயும் காணோம்."

"சோப்புக்கு வந்துருக்கும்."

"சோப்பு அங்கிட்டு இருக்கு, எறும்பு இங்கிட்டு இருக்கு. ஒங்க வாயி பொய் சொல்லும், ஒங்க நோட்டு பொய் சொல்லும். எறும்புக்கு என்னங்க தலையெழுத்து?"

நான் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டேன். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

மார்ச் 13, வியாழன்

பேக்கரியில் இப்போது இருப்பது பழைய முதலாளியின் மகன் ஜெயசீலன். என்னைப் பார்த்ததும் கண்ணாடி அலமாரிக்குக் குறுக்கே வந்து நின்றான்.

"பெரியப்பா, பெரியம்மா வந்து சொல்லிட்டுப் போயிருக்காக. ஒங்களுக்குக் குடுத்தா கட வாசல்ல மண்ண வாரித் தூத்துவேன்னாக."

"எனக்கு இல்லடா. இருதயராஜ் சாருக்கு."

"அவரு தவக்காலம்னு மூக்குப்பொடியவே விட்டுட்டாரு. டோனட்டா திங்கப் போறாரு? வரிக்கி வேணா வாங்கிட்டுப் போங்க."

வரிக்கி வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

பிறகு பஸ் ஏறி அந்தப் பெரிய மாலுக்குப் போனேன். நடைப்பயிற்சி. ஏசி இருப்பதால் சர்க்கரைக்காரர்கள் அங்கே நடப்பது நல்லது. அங்கே டோனட்டுக்கென்றே ஒரு கடை இருக்கிறது. ரோஜா நிறப் பெட்டி. தட்டு தட்டாக வைத்திருக்கிறார்கள்: சாக்லேட் ஊற்றியது, கலர் மிட்டாய் தூவியது, கண்ணும் மூக்கும் வரைந்தது. ஓட்டையே இல்லாமல் உள்ளே ஜாம் அடைத்தது ஒன்று. அதையும் டோனட் என்கிறார்கள். ஓட்டை இல்லாவிட்டால் நடு வேகாது, அதற்குத்தானே ஓட்டை. வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு தெர்மாக்கோல் டோனட். அதன் ஓட்டைக்குள் தலையை விட்டு போட்டோ எடுத்துக்கொள்ளலாம். கல்லூரிப் பெண்கள் என்னையும் பிடித்து நிறுத்தி எடுத்தார்கள். "தாத்தா செம மாஸ்" என்றார்கள். டி.வி.யில் தமிழ் பேசுகிற ஓர் அமெரிக்கப் போலீஸ் படம் ஓடியது. காரில் பை இருந்தது. என்ன வரப்போகிறது என்று முன்னாலேயே அந்தக் கடைப் பெண்ணிடம் சொன்னேன். வந்தது. அவள் அசந்துவிட்டாள்.

பார்க்க மட்டும்தான் போனேன். எழுதுங்கள் சார்.

மார்ச் 18, செவ்வாய்

பஞ்சவர்ணம் காசிக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். எனக்கும் சேர்த்து. அவள் போகிற பஜனைக் குழுவில் ஒரு ரயில் பெட்டியே நிறைகிற அளவு ஆள் கிளம்புகிறார்கள்.

காசிக்குப் போகிறவர்கள் பிடித்த ஒன்றை அங்கே விட்டுவிட்டு வர வேண்டும். விட்டால் விட்டதுதான். செத்தாலும் அதைத் தொடக்கூடாது. இதை எனக்கு அவள் சொல்ல வேண்டியதில்லை. எதற்காகக் கூட்டிப் போகிறாள் என்று அவள் தட்டு வைத்த சத்தத்திலேயே தெரிந்துவிட்டது.

"காயில ஒண்ணு, பழத்துல ஒண்ணுதான விடணும்?" என்றேன். "டோனட்டு காயும் இல்ல, பழமும் இல்ல. அய்யரு ஒத்துக்க மாட்டாரு."

"எங்க அக்கா வீட்டுக்காரரு நூக்கல விட்டுட்டு வந்தாரு பாருங்க, அந்த மாதிரி ஏமாத்தலாம்னு நெனைக்காதீக. அந்த மனுசன் நூக்கல என்னிக்குத் தின்னாரு? கங்காதேவிக்குத் தெரியாதா எது நூக்கலு, எது உசுருன்னு?"

"உசுர விடச் சொல்ற."

"விரலு போகட்டும்ங்கிறீகளா?"

நான் சோற்றைப் பிசைந்தேன். அவளும் விடவில்லை. "சொல்லுங்க, விரலா டோனட்டா?" என்று குழம்புக் கரண்டியோடு நின்றாள். கோயில் காரியத்துக்குக் கேட்கிறாயா, சண்டைக்குக் கேட்கிறாயா என்று எழுந்து வந்துவிட்டேன்.

இருதயராஜ் சாரிடம் கொஞ்சம் பொறாமையாகப் பேசினேன். அவர் விட்ட பொடியை ஈஸ்டர் அன்று அவருடைய சாமி திருப்பிக் கொடுத்துவிடும். காசியில் அந்த ஏற்பாடு இல்லை.

"எங்களுக்கும் சிரமம்தாண்ணே" என்றார். "மூக்கு கெடந்து அரிக்கிது."

"அரிச்சாலும் தேதி தெரியுதுல்ல."

மார்ச் 20, வியாழன்

நடைப்பயிற்சி.

மார்ச் 24, திங்கள்

ஆஸ்பத்திரிக்கு இருதயராஜ் சார்தான் கூட வந்தார். பஞ்சவர்ணத்துக்கு பஜனைக் குழுவில் வேலை.

ஷபானா அம்மா நோட்டைப் புரட்டினார். "அய்யா, இதுல எழுதியிருக்கிறபடி சாப்புட்டா ஒங்களுக்குச் சுகர் நூத்தம்பதத் தாண்டக்கூடாது. முந்நூத்திப் பத்து இருக்கு." நான் மின்விசிறியைப் பார்த்தேன். இருதயராஜ் சார் தன் கைக்குட்டையைப் பார்த்தார். "நடைப்பயிற்சி எங்க போறீங்க?" என்று ஷபானா அம்மா கேட்டார். பொதுவாக நடக்கிறேன் என்றேன்.

கால் டாக்டர் ஒரு மெல்லிய கம்பியைக் குழிக்குள் விட்டார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் டக் என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டது. கம்பி எலும்பைத் தொட்ட சத்தம். டாக்டர் நிமிர்ந்து என்னைப் பார்த்தபோதுதான் எனக்கு வியர்த்தது. நாளைக்கே வந்து படுக்க வேண்டும், சுத்தம் பண்ணி ஊசி மருந்து ஏற்ற வேண்டும், இப்போதே செய்தால் விரல் நிற்கும் என்றார். காசி என்றேன். "காசியா? பாத்ரூமுக்கே யோசிச்சுத்தான் போகணும். பயணம், ஆத்துத் தண்ணி, வெறுங்கால், எதுவும் கூடாது" என்றார். நர்ஸ், குழியைச் சுற்றி அழுத்தம் விழாமல் இருக்கக் கம்பளித் துணியில் ஒரு வளையம் வெட்டி ஒட்டினாள். வட்டம், நடுவில் ஓட்டை. "ஏம்மா, கால்லயே டோனட்டக் கட்டிவிட்டீங்களே" என்றேன். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பஞ்சவர்ணம் கேட்டாள்: "என்ன சொன்னாக?"

"ஆறிக்கிட்டு வருதாம். பாத்துப் போயிட்டு வாங்கன்னாரு."

அவள் சாமி படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கலர் கலராக இரண்டு சேலை எடுத்து வைத்திருக்கிறாள். கல்யாணமாகி அவள் பார்த்த தூரமான ஊர் திருச்செந்தூர்தான்.

வாசலில் இருதயராஜ் சார் என் கையைப் பிடித்தார். "அண்ணே, தப்பு." கத்தி எங்கேயும் ஓடிப்போகாது, வந்து படுத்துக்கொள்கிறேன் என்றேன். "அவகிட்டச் சொல்லிறாதீக." "நான் எழுதுறவன். சொல்றவன் இல்ல" என்றார். ஆனால் போகும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஏப்ரல் 1, செவ்வாய்

பயணத்துக்குப் பையில் வைத்தவை: வேட்டி மூன்று, சட்டை மூன்று, மாத்திரை, இன்சுலின் வைக்கிற ஐஸ் டப்பா, புளியோதரைப் பொடி, போர்வை. ஒரு பெட்டி.

என்ன பெட்டி என்று இருதயராஜ் சார் கேட்டார். பெட்டி என்று மட்டும் எழுதச் சொன்னேன். நிறம் எழுதலாமா என்றார். நிறம் வேண்டாம் என்றேன்.

ஏப்ரல் 5, சனி. போனில் சொன்னது

காசி வந்து சேர்ந்தோம். தமிழ்க்காரர்கள் சத்திரம். ரயிலில் சப்பாத்தி. பெட்டி காலி. குழுவில் பிள்ளைகள் இருந்தார்கள், பிள்ளைகளுக்குக் கொடுத்தேன்.

கட்டு கொஞ்சம் ஈரமாக இருக்கிறது. மாற்றிக் கட்டிக்கொண்டேன். வாடை வருகிறதென்று பஞ்சவர்ணம் ரயில் கக்கூஸைத் திட்டினாள்.

ஏப்ரல் 6, ஞாயிறு. போனில் சொன்னது

பஞ்சவர்ணம் பக்கத்தில் இருக்கிறாள். டோனட்டை விட்டுவிட்டேன். நல்லபடியாக எழுதிக்கொள்ளுங்கள்.

ஏப்ரல் 7, திங்கள். போனில் சொன்னது

அவள் சந்தனம் வாங்கப் போயிருக்கிறாள். நேற்று நடந்ததைச் சொல்கிறேன்.

கோயிலுக்குப் போகிற சந்து முழுக்கச் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். நான் செருப்போடு நின்றேன். "சாமி காரியத்துல ரப்பர் செருப்பு என்னங்க? ஆறிக்கிட்டு வருதுன்னுதான டாக்டரே சொன்னாரு" என்றாள் பஞ்சவர்ணம். அவளே குனிந்து என் காலிலிருந்து கழற்றித் தன் பையில் வைத்துக்கொண்டாள். நான் என்ன சொல்ல முடியும்? நடந்தேன். தரைக் கல் வெயிலில் காய்ந்து கிடந்தது. மற்றவர்கள் தவளை மாதிரித் தத்தித் தத்திப் போனார்கள். நான் மட்டும் நிதானமாகப் போனேன். பின்னால் வந்த ஒரு கிழவர், "பாருங்க, பக்தின்னா இதுதான்" என்று தன் மகனிடம் சொன்னார்.

படித்துறையில் கட்டின்மேல் பிளாஸ்டிக் பையைச் சுற்றினேன். "கங்கையில பிளாஸ்டிக்கோடவா எறங்குவாக?" என்று அதையும் அவிழ்த்துவிட்டாள். இறங்கினேன். தண்ணீர் சில்லென்று இருந்ததாக எல்லோரும் சொன்னார்கள். இடது காலில் சில்லென்றுதான் இருந்தது.

அங்கே ஒரு தமிழ் அய்யர். எங்கள் இரண்டு பேர் துணியையும் முடிச்சுப் போட்டு, கையில் தண்ணீர் ஊற்றி, "எத விடப்போறேள்?" என்று கேட்டார்.

"டோனட்டுன்னு சொல்லுங்க" என்றாள் பஞ்சவர்ணம்.

"அது என்னம்மா, வடநாட்டுப் பழமா?"

"இல்ல சாமி. மைதாவுல சுட்டு, சக்கரயில பொரட்டினது. நடுவுல ஓட்ட."

"பட்சணத்த விடறது வழக்கமில்லயே. காய், கனி, இல... அப்படித்தான் சொல்வா. சரி, மனசுல நெனச்சுண்டு விடுங்கோ. பகவானுக்குப் புரியும்."

மனதில் நினைத்தால் போதும் என்று அவரே சொல்லிவிட்டார். நான் கண்ணை மூடினேன். பாகற்காயை நினைத்தேன். தண்ணீரை விட்டேன்.

அடுத்து அவளைக் கேட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டே, இவள் எதை விடுவாள் என்று யோசித்துப் பார்த்தேன். எந்தப் படத்தில் எந்த போலீஸ்காரன் எந்தக் கையால் டோனட்டை எடுத்தான் என்று எனக்குத் தெரியும். இவள் எதையாவது ஆசைப்பட்டுத் தின்ற காட்சி ஒன்றும் வரவில்லை. அவள் உதடு மட்டும் அசைந்தது. மனசுக்குள்ளேயே சொல்லிவிட்டாள்.

சத்திரத்துக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தபோது, துணியில் ஏதோ ஒட்டுகிறது என்று பார்த்தேன். பாதத்து அடித்தோல் அப்பளம் மாதிரி எழும்பி நிற்கிறது. இரண்டாவது விரல் கறுத்திருக்கிறது.

அவள் வருகிறாள். வைக்கிறேன்.

ஏப்ரல் 9, புதன். போனில் சொன்னது

ரயிலில் குளிர்காய்ச்சல். பஞ்சவர்ணம் தன் இரண்டாவது புதுச் சேலையையும் எடுத்து எனக்குப் போர்த்தியிருக்கிறாள். கஞ்சி இரண்டு வாய்.

ஏப்ரல் 11, வெள்ளி

ஸ்டேஷனிலிருந்து நேராக ஆஸ்பத்திரி. இருதயராஜ் சார் பிளாட்பாரத்திலேயே நின்றிருந்தார்.

கால் டாக்டர் துணியை விலக்கியதும் பஞ்சவர்ணம் சுவரைப் பிடித்துக்கொண்டாள். இன்றைக்குத்தான் அவள் அதை முழுசாகப் பார்க்கிறாள். டாக்டர் என்னிடம் பேசவில்லை, அவளிடம்தான் பேசினார்.

"என்னம்மா, படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல? பயணம் கூடாது, வெறுங்கால் கூடாது, உடனே வந்து படுங்கன்னு. இத எப்படி நடக்க வச்சுக் கூட்டிட்டுப் போனீங்க?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் கொஞ்சம் காய்ச்சல் இறங்கும் போல இருந்தது. அவள் டாக்டரிடம், "தப்புதாங்கய்யா" என்றாள். "நான்தான் செருப்பக் கழட்டினேன்."

நாளைக் காலையில் பெருவிரல், இரண்டாவது விரல் இரண்டையும் எடுக்கிறார்கள். அதற்கு மேல் ஏறுமா என்பது, சர்க்கரை இறங்குவதைப் பொறுத்தது. இறங்காவிட்டால் முழங்காலுக்குக் கீழே.

ஏப்ரல் 12, சனி

இன்று அண்ணன் சொல்லி எழுதுவதில்லை. இருதயராஜ் எழுதுகிறேன். விரல்களை எடுத்துவிட்டார்கள். அண்ணன் மயக்கத்தில் யாரையோ "டிக்கெட், டிக்கெட்" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். அண்ணி வராண்டாவில் உட்கார்ந்திருக்கிறார். நான் அவரிடம் முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும்.

ஏப்ரல் 15, செவ்வாய்

கஞ்சி. முட்டையில் வெள்ளை மட்டும். சர்க்கரை இருநூற்று நாற்பது.

பஞ்சவர்ணம் எல்லாம் செய்கிறாள். முகம் துடைக்கிறாள், மாத்திரை எடுத்துக் கொடுக்கிறாள். ஒன்றையும் கேட்பதில்லை. இன்று ஊசி போட்டுவிட்டு நர்ஸ் போனதும் நானே ஆரம்பித்தேன்.

"நான் அங்கிட்டு டோனட்ட விடல."

அவள் பால் ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"பாகக்காயத்தான் விட்டேன்."

"தெரியும்" என்றாள்.

"எப்பிடித் தெரியும்?"

"டோனட்ட விட்ட மூஞ்சியா அது? அழுதிருப்பீகளே."

டம்ளரைக் கையில் கொடுத்தாள். நான் குடிக்கவில்லை.

"நீ எத விட்ட?"

"புடிச்சததான விடணும்னாரு அய்யரு. நானும் யோசிச்சேன். எனக்கு எது புடிக்கும்னு எனக்கே வெளங்கல. கடசில பாத்தா, காலையில எந்திரிச்சதுலருந்து படுக்கிற வரைக்கும் நான் பண்றது ஒண்ணுதான். ஒங்களக் காவக்காக்கிறது. சட்டப்பையத் தடவிப் பாக்குறது, வாய மோந்து பாக்குறது, பேக்கரியில போயி மல்லுக்கு நிக்கிறது. அது புடிச்சுத்தான பண்ணியிருக்கேன், இத்தன வருசமா? அத விட்டுட்டேன்."

"ஏ பஞ்சவர்ணம்."

"டோனட்டு போனா காவலும் வேணாம்ல, ரெண்டும் ஒண்ணாத் தொலையட்டும்னு நெனச்சு விட்டேன். நீங்க பாகக்காய விட்டுட்டீக. நான் நெசமாவே விட்டுட்டேன். இனி எடுக்க முடியாது. பாலு ஆறுது, குடிங்க."

ஏப்ரல் 18, வெள்ளி

சர்க்கரை இருநூற்றுப் பத்து. காயத்து ஓரம் இன்னும் கறுப்பாகத்தான் இருக்கிறதாம். முழங்காலுக்குக் கீழே இங்கேதான் என்று டாக்டர் பேனாவால் ஒரு கோடு போட்டுவிட்டுப் போனார். தேவைப்படாமலும் போகலாம் என்றார். கோடு அழியாத மையில் இருக்கிறது.

ஏப்ரல் 20, ஞாயிறு

ஈஸ்டர். இருதயராஜ் சார் பூசை முடிந்து பொடி போட்டுக்கொண்டே வந்தார். தும்மினார். அவருக்கு எல்லாம் திரும்பி வந்துவிட்டது.

சோறு கொஞ்சம், அவரைக்காய். சர்க்கரை நூற்றுத் தொண்ணூறு.

ஏப்ரல் 22, செவ்வாய்

நாளைக் காலையில் கட்டைப் பிரித்துப் பார்க்கிறார்கள். ஓரம் சிவந்திருந்தால் கால் நிற்கும். கறுப்பு ஏறியிருந்தால் அந்தக் கோடு.

சாயங்காலம் ஜெயசீலன் பார்க்க வந்தான். நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு வரக்கூடாதே. கண் கலங்கி நின்றான். "அன்னிக்கி ஒங்களத் திருப்பி அனுப்பிட்டேன் பெரியப்பா. மனசே சரியில்ல. அதான், எண்ணெ மாத்தி, மொத ஈட்டுல எடுத்தது" என்று ஒரு பொட்டலத்தைப் பஞ்சவர்ணத்திடம் நீட்டினான். எண்ணெய் காகிதத்தில் வட்ட வட்டமாக ஊறியிருந்தது. வாசனை கட்டில் வரைக்கும் வந்துவிட்டது.

மார்ச் மாதமாக இருந்தால் அந்தப் பொட்டலம் ஜன்னல் வழியாகப் போயிருக்கும். அவனும் பின்னாலேயே போயிருப்பான். அவள் வாங்கினாள். "இருக்கட்டும்ப்பா" என்றாள். என் தலைமாட்டு ஸ்டூலில், தண்ணீர்ச் செம்புக்குப் பக்கத்தில் வைத்தாள். எத்தனை என்று பிரித்துப் பார்க்கவில்லை. பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு வெந்நீருக்குப் போனாள். ஜெயசீலனும் போனான்.

கை நீட்டினால் எட்டுகிற தூரம். எழுந்து போய்த் தூரமாக வைக்கலாம் என்றால் காலை ஊன்றக்கூடாது. வராண்டாவில் அவள் செருப்புச் சத்தம் நிற்கிறதா, நின்று எட்டிப் பார்க்கிறாளா என்று காதைக் கூராக்கிக்கொண்டு கிடந்தேன். நிற்கவில்லை. நேராகப் போய்விட்டது. கல்யாணமானதிலிருந்து இப்படி ஒரு பயம் எனக்கு வந்ததில்லை.

பொட்டலத்தைப் பிரித்தேன். ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். இடுப்பில் வெளுத்த வரி, நூல் பிடித்த மாதிரி, ஒரே சீராக ஓடியது. ஜெயசீலன் கைக்கு இவ்வளவு சுத்தமாக இதுவரைக்கும் வந்ததில்லை. பொடித்த சர்க்கரை விரலில் ஒட்டியது. வைத்துவிட்டேன். விரலை வேட்டியில் துடைத்தேன், நக்கவில்லை.

இருதயராஜ் சார் வந்தபோது அவரை உட்காரச் சொன்னேன். எழுதுங்கள் என்றேன். நாலு டோனட் வந்தன. நாலும் இருக்கின்றன.

அவர் பேனாவைத் திறந்தார். என்னைப் பார்த்தார். பேனாவை மடியில் வைத்துவிட்டு, பொட்டலத்தை எடுத்து, பிரித்து, ஒவ்வொன்றாக எண்ணினார். அதற்கப்புறம்தான் எழுதினார்.